பாக்கியம்மாவின் பெயர் இருந்த பக்கம்

அக்கா,

போன புதன்கிழமை வகுப்பில் உங்கள் இணையத்தளத்தின் முகவரியைத் தட்டினேன். ஜார்ஜ்டவுன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இன்னும் ஆய்வு முறைப் பாடம்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் கிடைப்பதை எப்படி எடை போடுவது, எப்படி மேற்கோள் காட்டுவது என்பது அன்றைய பாடம். தனியொருவர் வீட்டிலிருந்து நடத்தும் தளமும் சில நேரம் நல்ல ஆதாரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாக உங்களுடைய 'அஞ்சு மணி பஸ்' தளத்தைத் திரையில் காட்ட நினைத்தேன். முகவரி மனப்பாடம். ஆனால் திறந்தது வேறு ஏதோ. பொற்காசுகள் மழையாகக் கொட்டின. ஒரு பெண் கண்ணடித்தாள். மூன்று சக்கரங்கள் சுழன்று சுழன்று நின்றன. சூதாட்டத் தளம்.

பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

"மிஸ், வெல்கம் போனஸ் குடுக்கறாங்க மிஸ்!"

"டேய், மொதல்ல ஆத்தர் யாருன்னு பாரு லா. மிஸ் இப்பதானே சொன்னாங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரையை மூடினேன். "பாத்தீங்களா, இதுக்குத்தான் எந்தத் தேதியில பாத்தோம்னு எழுதி வைக்கச் சொல்றோம்" என்று அதையும் ஒரு பாடமாக்கினேன். பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். எல்லாரும் போன பிறகு மறுபடி தட்டிப் பார்த்தேன். மறுபடியும் காசு மழைதான். கடைசியாக உங்கள் தளத்துக்கு எப்போது போனேன் என்று யோசித்தேன். எனக்குத் தேதி தெரியவில்லை.

பாயான் பாரு அடுக்குமாடியில் என் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே உங்கள் கதவு. நீங்கள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பதினெட்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்யூட் போர்டுகளில் பழுது தேடினீர்கள். பழுது இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அதுதான் வேலை. கண் கெட்டு வேலையை விட்ட பிறகு, ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி, ஒற்றை விரலால் தமிழ் தட்டப் பழகி, அந்தத் தளத்தைத் தொடங்கினீர்கள். தாசேக் கெலுகோர் பக்க ரப்பர் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி, பாலம் கடந்து நம் தீவுக்கு வேலைக்கு வந்த பெண்களின் கதைகள். நீங்களும் அந்த பஸ்ஸில் வந்தவர்தான். யார் எந்த இருக்கையில் உட்காருவார்கள், பாலம் வரும்போது யார் தலைபின்னி முடிப்பார்கள், முதல் சம்பளத்தில் யார் என்ன வாங்கினார்கள் என்று எல்லாமே அதில் இருந்தன. எழுத்துப்பிழைகளும் இருந்தன, தாராளமாக.

தொழிற்சாலைப் பழக்கம் உங்களை விடவில்லை. ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் ஒரு வண்ணப் பொட்டு வைப்பீர்கள். ஒருவர் மட்டும் சொன்னது என்றால் மஞ்சள். மூன்று பேர் சொன்னால் பச்சை. அந்த மூன்று பேரின் பெயர், ஊர், எந்த வருடம் பஸ் ஏறினார்கள் என்பது வரைக்கும் போடுவீர்கள். ஒரு முறை நான் கேட்டேன், ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சொன்னால் பச்சையா என்று.

"அது எப்படி? ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் கேட்டுச் சொன்னா ரெண்டும் ஒண்ணுதான் லா. தனித்தனியா கேக்கணும். ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்காத ஆளா இருந்தா இன்னும் விசேஷம்."

சிரித்தேன். அப்போது நான் பகுதிநேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆதாரங்களை ஒப்பிடுவது பற்றி நான் புத்தகம் புத்தகமாகப் படித்துக் குறிப்பெடுத்ததை நீங்கள் கோப்பி கலக்கிக்கொண்டே சொன்னீர்கள் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

என் ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்ததே உங்களால்தான். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன தமிழ்ப் பெண்கள். நான் நேர்காணல் செய்த பெண்களை உங்கள் பழைய காரில் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தியதும் நீங்கள். மூன்றாவது அத்தியாயத்தின் எலும்பு முழுக்க உங்கள் தளத்திலிருந்து எடுத்தது. வரைவைப் படித்த என் மேற்பார்வையாளர் அந்த அத்தியாயத்தில் பதினொரு இடங்களில் வட்டம் போட்டிருந்தார். நல்ல மனிதர்தான். அவர் கேட்டது நியாயமான கேள்வியும்கூட.

"எழுதினவங்களுக்கு என்ன தகுதி? யார் சரிபார்த்தாங்க? பின்னால எந்த நிறுவனம் இருக்கு? தேர்வாளர் கேட்டா என்னம்மா பதில் சொல்வீங்க? அச்சுல வந்த ஆதாரம் ஒண்ணு தேடிப் பாருங்க."

இணைய ஆதாரங்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் உண்டு. உங்கள் தளத்துக்கும் ஒன்று நிரப்பினேன். எழுதியவர்: தனிநபர், முன்னாள் தொழிற்சாலை ஊழியர். கல்வித் தகுதி: இல்லை. சரிபார்த்தவர்: இல்லை. மொழி: பிழைகள் உண்டு. முடிவு: மேற்கோளாகப் பயன்படுத்த ஏற்றதல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு நீங்கள் வந்தபோது படிவம் மேசைமேல் கிடந்தது. எடுத்துப் படித்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். தடுக்க நேரமில்லை.

"பதினெட்டு வருசம் ஊரான் போர்டுக்கெல்லாம் நான் ஒட்டுனேன் ரிஜெக்ட் ஸ்டிக்கர். எனக்கே ஒட்டிட்டியா மேடம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். ஏதாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் மட்டும் நான் உங்களுக்கு மேடம். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். நீங்கள் பொட்டலத்தைப் பிரித்து வைத்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் சரி. 'சரிபார்த்தவர்'னு ஒரு எடம் இருக்குல்ல, அங்க 'இல்லை'ன்னு போட்டதுதான் தப்பு" என்றீர்கள்.

"அது வேற மாதிரி சரிபார்க்கறது அக்கா."

"ஓ. வேற மாதிரியா?"

அவ்வளவோடு விட்டுவிட்டீர்கள். நெத்திலி சம்பால் காரம் அதிகம் என்று பேச்சை மாற்றினீர்கள்.

அடுத்த மாதம் எனக்கு அச்சு ஆதாரம் கிடைத்தது. ஒரு சங்கத்தின் ஆண்டு மலர். அதில் தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலை பஸ்ஸும் பற்றி நான்கு பக்கக் கட்டுரை. படிக்கத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது, உங்கள் வாக்கியங்கள். எழுத்துப்பிழைகளை மட்டும் யாரோ திருத்தியிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. மலருக்குத் தொகுப்பாசிரியர் இருந்தார், அச்சகம் இருந்தது, ஆண்டு இருந்தது, பக்க எண் இருந்தது. பதினொரு வட்டங்களுக்கும் அந்த மலரைப் போட்டு அடைத்தேன். பல ஆய்வேடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று இதையே ஒரு மாணவன் செய்தால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் பாக்கியம்மா விஷயம்.

தொடக்கத்தில் பஸ் பெரிய சாலையிலேயே நின்றுவிடும். தோட்டத்துப் பெண்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒன்றரை மைல் இருட்டில் நடந்து வர வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் பஸ் தோட்டத்துக்குள்ளேயே வரத் தொடங்கியது. யாரால்? தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணியின் மகன், தன் அப்பாதான் அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதி பஸ்ஸை வரவழைத்தார் என்று உங்களிடம் சொன்னார். அப்படியே எழுதினீர்கள். கீழே மஞ்சள் பொட்டு வைத்தீர்கள், ஒருவர் மட்டுமே சொன்னதால். மலரில் அந்தக் கதை அப்படியே வந்தது, மஞ்சள் பொட்டு இல்லாமல். என் ஆய்வேட்டுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

நீங்கள் மஞ்சளை மஞ்சளாக விட்டுவைக்கிற ஆளில்லை. விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். ஆய்வேட்டை நான் ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது செய்தி அனுப்பினீர்கள். "பஸ் கதைய திருத்திட்டேன். கிராணி இல்ல. பாக்கியம்மா. பச்சை!" கீழே பக்கத்தின் முகவரி.

அன்றைக்கே, கல்லூரி மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் அதைப் படித்தேன். பாக்கியம்மா, தோட்டத்து ஆயா கொட்டகையில், பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு விடியற்காலையில் தொழிற்சாலைப் பெண்களோடு தானும் நடந்து சாலைக்குப் போய், பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். எல்லாம் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள், நாளையிலிருந்து உள்ளே வருவேன் என்று சொல், அப்புறம் நகர்கிறேன் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு பஸ் நாற்பது நிமிடம் தாமதம். அதே வாரம் பஸ் உள்ளே வந்துவிட்டது. கிராணி கடிதம் எழுதியதும் உண்மைதான், ஆனால் பஸ் உள்ளே வரத் தொடங்கிப் பத்து நாள் கழித்து, தோட்டத்துத் துரை சொல்லி. சொன்ன மூன்று பேரின் பெயரும் ஊரும் கீழே இருந்தன. பழையதை நீங்கள் அழிக்கவுமில்லை. மேலே கோடு போட்டு, "இது தவறு, நான் ஒருவரை மட்டும் கேட்டு எழுதியது" என்று உங்கள் தவறையும் பக்கத்திலேயே வைத்திருந்தீர்கள்.

படித்து முடித்துக் கட்டைவிரல் குறியைப் பதிலாகப் போட்டேன். மின்தூக்கி வந்தது. ஏறிவிட்டேன்.

திருத்தியிருக்கலாம். ஒரு பத்தி, ஒரு அடிக்குறிப்பு. ஆனால் அதற்கு ஆதாரம் உங்கள் தளம் மட்டுமே. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டு முடித்த அத்தியாயத்தைத் திறந்து, ஏற்றதல்ல என்று நானே எழுதிய தளத்தை உள்ளே கொண்டுவந்து, மீண்டும் வாதாட வேண்டும். எனக்குப் பயம், சோம்பல், அவசரம். மூன்றும் தனித்தனியாக வந்து ஒன்றையே சொன்னதால் கேட்டுக்கொண்டேன்.

பட்டம் வந்தது. உங்களுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். நீல நிற அட்டை, பொன்னெழுத்து. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினீர்கள். நன்றியுரையில் உங்களைச் சேர்த்திருந்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நீங்கள் அங்கே போகவில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனீர்கள், ஆதாரப் பட்டியலுக்கு. மைக்ராஸ்கோப் பார்த்த கண் அல்லவா, வரி வரியாக விரலை ஓட்டினீர்கள். பட்டியல் முடிந்தது. முன்னால் திருப்பி பஸ் கதையைத் தேடி எடுத்தீர்கள்.

"கிராணின்னு போட்டிருக்கே?"

"மலர்ல அப்படித்தான்கா இருக்கு."

"மலர்ல இருக்கறது நான் மொதல்ல தப்பா எழுதுனதுதானே. திருத்திட்டேனே."

"நீங்க திருத்துனத நான் பாக்கலக்கா. அதுக்குள்ள அச்சுக்குப் போயிடுச்சு."

நீங்கள் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தீர்கள். மேலே தள்ளித் தள்ளி எதையோ பார்த்தீர்கள். பிறகு அதை மறுபடி பைக்குள் வைத்துவிட்டீர்கள். அன்றிரவு என் வீட்டில் நானும் மேலே தள்ளிப் பார்த்தேன். உங்கள் 'பச்சை!'யின் கீழே என் கட்டைவிரல்.

நான் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னீர்கள். "எனக்கு ஒண்ணுமில்ல. பாக்கியம்மாகிட்ட சொல்லிட்டேன், உங்க பேரு யுனிவர்சிட்டி புத்தகத்துல வருதுன்னு. அதான் யோசிக்கறேன்."

கட்டுரையாக எழுதும்போது கண்டிப்பாகத் திருத்திவிடுகிறேன் என்றேன். "ம், எழுது" என்றீர்கள். என் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் நன்றியுரையை நானே எடுத்துப் படித்தேன். "தேநீரும் தெம்பும் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கு." உங்கள் பெயர்கூட அதில் இல்லை.

கட்டுரையை எழுதவில்லை. முதலில் வேலை, பிறகு வேறு வேலை. அதற்குப் பிறகும் நீங்கள் நாசி லெமாக் கொண்டுவந்தீர்கள், நான் கோப்பி போட்டேன், ஆனால் தளத்தில் என்ன புதிதாகப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உடம்பு முடியாமல் கெப்பாலா பத்தாஸில் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு முறை வந்து பார்த்தேன். இரண்டு முறையும், கேட்டுவிடுவீர்களோ என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கேட்டது என் மாணவர்களைப் பற்றி. அடுக்குமாடி மின்தூக்கியைச் சரிசெய்துவிட்டார்களா என்று. தயாரித்த பதிலை அப்படியே திரும்பக் கொண்டுபோனேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று உங்கள் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா போன்ல இமெயில் வந்துகிட்டே இருக்கு, வெப்சைட்ட ரினியூ பண்ணுன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னா செய்யறது?"

"நான் பாத்துக்கறேன் தம்பி" என்றேன்.

கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்து வைக்க ஒரு மத்தியானம் போதும், அதையும் செய்யவில்லை. இணையப் பக்கம் நிலையில்லாதது, மேற்கோள் காட்டும் அன்றே நகல் எடுத்து வையுங்கள் என்று வருடத்துக்கு இரண்டு முறை வகுப்பில் சொல்கிறவள் நான்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில் தேடினேன். உங்கள் தளத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. பஸ் கதைப் பக்கம் இருக்கிறது. ஒரே ஒரு நகல், நீங்கள் திருத்துவதற்கு முன் எடுத்தது. கிராணி, மஞ்சள் பொட்டு. ஆக இன்றைக்கு யாராவது தேடினால் மூன்று இடங்களில் ஒரே செய்தி கிடைக்கும். காப்பகம், மலர், என் ஆய்வேடு. மூன்றும் பேசிவைத்துக்கொண்டதுபோல் கிராணி என்கின்றன. மூன்றுமே நீங்கள் ஒரு நாள் ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதியதிலிருந்து வந்தவை என்று அந்தத் தேடுபவருக்கு எப்படித் தெரியும்? ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அழைப்பெண், பக்க எண், எல்லாம் சரியாக. அட்டை போட்டுவிட்டதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்று நூலகத்தில் சொன்னார்கள். வேண்டுமானால் புதிதாகக் கட்டுரை எழுதி வெளியிடுங்கள் என்றார்கள்.

எழுதத் தொடங்கியிருக்கிறேன் அக்கா. ஆதாரமாக உங்கள் முழுப்பெயர், தளத்தின் பெயர், பக்கத்தின் தலைப்பு. பார்த்த தேதியாக உங்கள் செய்தி வந்த தேதி. அடிக்குறிப்பில், இந்தப் பக்கம் இப்போது இல்லை, கட்டுரையாளர் அதை வாசித்தும் தம் ஆய்வேட்டில் மறைத்தார் என்று எழுதியிருக்கிறேன். திறக்காத இணைப்பு, சரிபார்க்க இயலாத ஆதாரம், நீக்கவும் என்று மதிப்பீட்டாளர் எழுதுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

அதனால் பாக்கியம்மாவிடமே நேரில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நேற்று தாசேக் கெலுகோர் போனேன். பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் மகனோடு இருக்கிறார். கைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியும் ஆய்வேடும். அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக்காட்டி, தவறு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று எண்ணம்.

மருமகள் வாசலிலேயே எச்சரித்தார். "மாமிக்கு இப்பல்லாம் நிறைய மறந்துபோவுது. கோவிச்சுக்காதீங்க."

முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஸ்ஸை நிறுத்திய கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"எந்த பஸ்ஸு?"

எடுத்துக்கொடுத்தேன். அப்படி நான் எடுத்துக்கொடுப்பதே ஆதாரத்தைக் கெடுப்பது என்று தெரிந்தும் எடுத்துக்கொடுத்தேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. கதை வரப்போகிறது என்று கருவியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேனேம்மா. ஃபேக்டரியில வேல செஞ்சுச்சே, கண்ணாடி போட்ட பொண்ணு. மூணு தடவ வந்து கேட்டுச்சு. எல்லாம் எழுதி வெச்சிருக்கும். அதுகிட்டயே கேட்டுக்க."

"மாமி, அவங்க தவறிட்டாங்கன்னு சொன்னேன்ல" என்றார் மருமகள், மெதுவாக. அது அவர் காதில் ஏறவில்லை, அல்லது ஏறி நிற்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகம் வந்துருச்சா?"

ஆய்வேடு என் மடியில் பைக்குள் இருந்தது. அதன் கனம் தொடையில் அழுத்தியது. எடுக்கலாம் என்று ஜிப்பில் கை வைத்தேன்.

"இன்னும் வரலம்மா" என்றேன்.

"பரவால்ல. அவசரம் ஒண்ணுமில்ல." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அந்தப் பொண்ணு நல்லா விசாரிக்காம எதையும் போடாது."

கருவி அதைப் பதிவு செய்திருக்கிறது. கட்டுரைக்கு அது எந்த வகையிலும் பயன்படாது. பாலம் வரைக்கும் காரில் திரும்பத் திரும்ப அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.